காற்சிலம்பும் கணினித் தீர்ப்பும்

மதுரையில் அன்று நடந்தது என்ன? பொற்கொல்லன் ஒருவன் அரசனிடம் வந்தான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டுவிட்டான் என்றான். பாண்டியன் நெடுஞ்செழியன் அப்போது அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருந்தான். நின்று கேட்க நேரமில்லை. கோவலனை அழைத்து, "இந்தச் சிலம்பு உனக்கு ஏது?" என்று ஒரு சொல் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கவில்லை. புகார் வந்தது, ஆணை பிறந்தது, வாள் வீழ்ந்தது! புகார் நகரில் பிறந்தவன் ஒரு புகாரால் மாண்டான். பிறகுதான் தெரிந்தது, புகார் சொன்னவனே திருடன் என்பது.

கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. தவறு தன்னுடையது என்று உணர்ந்த மன்னன் அந்த இடத்திலேயே உயிர் துறந்தான். விசாரிக்காமல் தீர்ப்பளித்தவன், அந்தப் பிழைக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தான். சிலப்பதிகாரத்தை மேடைதோறும் முழங்கிய இயக்கம் நம்முடையது. எனவே இந்தக் கதையை நாம் மறக்க முடியாது.

இன்று அரியணையில் மன்னன் இல்லை. ஆனால் புகார் சொன்னவன் பேச்சைக் கேட்டு, புகாருக்கு ஆளானவனைக் கேட்காமல் தீர்ப்பளிக்கும் முறை ஒழிந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! அது கணினிக்குள் குடிபுகுந்திருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர், பதிப்புரிமைப் புகார்.

யூடியூபிலே நம் தோழர்கள் ஆயிரமாயிரம் பேர் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், பறை அடிக்கிறார்கள், பட்டிமன்றம் நடத்துகிறார்கள். அச்சகம் வேண்டாம், அரங்கம் வேண்டாம், கையிலே ஒரு கைப்பேசி போதும். ஏழையின் கைக்கு எட்டிய மேடை இது. ஆனால் இந்த மேடையின் தூண்களை அசைக்கும் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். திருட்டுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பாடலாசிரியன் எழுதிய பாட்டு அவனுடைய உழைப்பு. ஆலைத் தொழிலாளிக்கு கூலி எப்படியோ, அப்படி எழுத்தாளனுக்கு உரிமைத்தொகை. பாட்டை எழுதியவனும் மெட்டமைத்தவனும் ஒருமுறை கைநீட்டிக் காசு வாங்கியதோடு சரி, பிறகு அந்தப் பாட்டு கோடி கோடியாய்க் குவித்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை இந்த நாட்டில் நெடுநாள் இருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அந்தக் கொடுமைக்கு ஒரு தடை போட்டது. திரைப்படத்துக்கு வெளியே அந்தப் பாட்டு ஒலிக்கும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில், எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் உள்ள பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது என்று அது சொன்னது. அதை நாம் வரவேற்கிறோம். ஊரார் உழைப்பை எடுத்துத் தன் பெயர் போட்டுக்கொள்பவன் நம் கட்சிக்காரனாக இருந்தாலும் அவனுக்காக நாம் வாதாட மாட்டோம்.

நம் கேள்வி வேறு. திருடன் என்று ஒருவனைச் சொல்வது யார்? அதை விசாரிப்பது யார்? தீர்ப்புக்கு முன் அவன் பேச இடம் உண்டா? இதுதான் கேள்வி.

சட்டம் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1998ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு பதிப்புரிமைச் சட்டம் செய்தது. இணைய மேடை நடத்தும் முதலாளிக்கு அது ஒரு கவசம் தந்தது. மேடையில் ஏறியவன் செய்த தவறுக்கு மேடைக்காரன் பொறுப்பல்ல; ஆனால் புகார் வந்தவுடன் அந்தப் பொருளை விரைந்து நீக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். புகார் வந்ததும் நீக்கிவிட்டால் முதலாளிக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. நீக்காமல் விட்டு, புகார் உண்மையாகிவிட்டால்? வழக்கு, இழப்பீடு, கோடிக்கணக்கான டாலர்! 2007இல் வயாகாம் என்ற பெருநிறுவனம் யூடியூப் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. ஏழாண்டுகள் இழுத்து, 2014இல் அது சமரசத்தில் முடிந்தது. ஒரு பக்கம் நட்டமே இல்லை, மறு பக்கம் நூறு கோடி டாலர் வழக்கு. இந்தத் தராசில் முள் எந்தப் பக்கம் சாயும்? எதையும் ஆராயாமல் நீக்கிவிடுவதே முதலாளிக்கு ஆதாயம் என்று சட்டமே கற்றுக்கொடுத்துவிட்டது.

அதே 2007இல் யூடியூப் ஓர் இயந்திரத்தை அமைத்தது. கன்டென்ட் ஐ.டி. என்பது அதன் பெயர். உரிமையுள்ள நிறுவனங்கள் தங்கள் பாட்டையும் படத்தையும் அதனிடம் ஒப்படைத்துவிடும். அதன்பின் எவர் எந்தக் காணொளியை ஏற்றினாலும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒலி ஒத்ததா? உடனே உரிமைக் கோரல்! காணொளியைத் தடுக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பர வருவாயை உரிமை கோரியவர் பக்கம் திருப்பிவிடலாம்.

நினைத்துப் பாருங்கள். ஈரோட்டு நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், விடுமுறை நாளில் தன் ஊர் ஒயிலாட்டக் குழுவைப் படம் எடுக்கிறார். ஆடுகிறவர்கள் அவர் ஊரார். அடவு அவர்கள் பாட்டனார் சொத்து. தெருமுனைத் தேநீர்க் கடையில் அந்நேரம் ஒரு திரைப்பாட்டு ஒலிக்கிறது. படத்தின் மூலையிலே அந்தப் பாட்டும் கொஞ்சம் பதிந்துவிடுகிறது. இயந்திரத்துக்கு ஒயிலாட்டம் தெரியாது, அதற்குத் தெரிந்தது பாட்டு மட்டும். ஆடியது ஊர், வருவாய் வேறு எவருக்கோ!

இது கற்பனை என்பீர்களானால், கற்பனையை மிஞ்சும் உண்மையைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஓர் இசைக் கலைஞர். வானொலியில் நிலையம் அகப்படாதபோது 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வருமே, அத்தகைய இரைச்சலைத் தாமே கணினியில் உண்டாக்கி, பத்து மணி நேரப் பதிவாக ஏற்றி வைத்தார். 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன்மீது ஐந்து உரிமைக் கோரல்கள் வந்துவிட்டன! பாட்டுக்கு உரிமை கோருவார்கள், பேச்சுக்கு உரிமை கோருவார்கள், இரைச்சலுக்கும் உரிமை கோரினார்கள்! காற்றுக்கு உரிமை கோரும் நாள்தான் பாக்கி.

ஒன்றிரண்டு பிழையைப் பெரிதாக்குகிறீர்கள் என்று சொல்வோர் உண்டு. யூடியூபே வெளியிட்ட கணக்கை எடுப்போம். 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் இந்த இயந்திரத்தின் வழியாக வந்த உரிமைக் கோரல்கள் 72 கோடிக்கும் மேல். அவற்றுள் மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் மறுத்தவற்றுள் நூற்றுக்கு அறுபது, காணொளியை ஏற்றியவர் பக்கமே முடிந்தன. எண்ணிக்கையில் சொன்னால் 22 இலட்சத்துக்கும் மேல்! எதிர்த்து நின்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வென்றிருக்கிறார்கள். எதிர்க்காதவர்கள் எல்லாம் குற்றவாளிகளா? பலர்மீது வந்த கோரல் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அஞ்சி ஒதுங்கியவர் எத்தனை பேர்? மறுக்கலாம் என்பதே தெரியாதவர் எத்தனை பேர்? அவர்களுக்காக யார் சிலம்பை உடைத்துக் காட்டுவது?

இந்த உரிமைக் கோரல் ஒரு வகை. இதைவிடக் கடுமையான இன்னொரு வகை உண்டு. உரிமையாளர் சட்டப்படி புகார் எழுதித் தந்தால் காணொளி நீக்கப்படும். நம் கணக்கில் ஓர் 'அடி' விழும். தொண்ணூறு நாளுக்குள் மூன்று அடி விழுந்தால் கணக்கே மூடப்படலாம். பத்தாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த ஆயிரம் காணொளிகளும் போய்விடும்.

மறுக்க வழி இல்லையா? இருக்கிறது. எதிர் அறிவிப்பு என்று ஒன்றை அனுப்பலாம். அதில் நம் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். அது புகார் சொன்னவர் கைக்குப் போகும். அதுமட்டுமா? அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவராக இருந்தால், மேடை நிறுவனம் இருக்கும் அமெரிக்க வழக்குமன்றத்தின் அதிகாரத்துக்கு உடன்படுகிறேன் என்று எழுதித் தர வேண்டும்! திருநெல்வேலியில் பறை அடித்தவன் கலிபோர்னியா வழக்குமன்றத்தில் நிற்க ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் தொழிலாளி அங்கே எப்படிப் போவான்? வழி இருக்கிறது என்று சொல்லி, அந்த வழியில் கடலை வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்காவது அது எளிதா? 2007இல் பென்சில்வேனியாவில் ஒரு தாய், தன் குழந்தை வீட்டுக்குள் துள்ளி ஆடுவதை 29 நொடிப் படமாக ஏற்றினார். பின்னணியில் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டு மங்கலாகக் கேட்டது. யுனிவர்சல் நிறுவனம் புகார் அனுப்பியது, படம் நீக்கப்பட்டது. அந்தத் தாய் அஞ்சவில்லை, மறுத்தார், படத்தை மீட்டார், வழக்கும் தொடுத்தார். புகார் அனுப்புமுன் அது நியாயமான பயன்பாடுதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2015இல் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது. வழக்கு சமரசத்தில் முடிந்தது 2018இல். இருபத்தொன்பது நொடிக்குப் பதினோர் ஆண்டுகள்! துணைக்கு வழக்கறிஞர்கள் நின்றதால் அந்தத் தாய் தாங்கினார். நம் வீட்டுத் தாய்க்கு யார் நிற்பார்?

பொற்கொல்லர்களும் இந்த மேடையில் உண்டு. 2019இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒருவன், பிறர் காணொளிகள்மீது பொய்ப் புகார் கொடுத்துவிட்டு, புகாரைத் திரும்பப் பெறப் பணம் கேட்டான். யூடியூபே அவன்மீது வழக்குத் தொடுத்தது. 25,000 டாலர் கட்டவும் மன்னிப்புக் கேட்கவும் அவன் இணங்கினான். புகார் என்பது நீதி கேட்கும் கருவியாக இருக்க வேண்டியது. விசாரணை இல்லாத இடத்தில் அது வழிப்பறிக் கத்தியாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் 2025 மே மாதம் ஒரு பெரும் பூசல் எழுந்தது. சில நொடிச் செய்திக் காட்சியைப் பயன்படுத்தியதற்காகத் தங்கள் கணக்கில் அடி விழுந்தது என்றும், அதை நீக்க இலட்சக்கணக்கில் பணம் கேட்கப்பட்டது என்றும் யூடியூபில் பேசும் இளைஞர்கள் சொன்னார்கள். சட்டம் தந்த உரிமையைத்தான் பயன்படுத்தினோம் என்றது செய்தி நிறுவனம். பூசல் டில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. எது உண்மை என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது: நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே ஒருவன் வாயை அடைத்துவிட முடிகிறது என்றால், அந்த அதிகாரத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம்!

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திறனாய்வு செய்யவும், நடப்புச் செய்திகளை எடுத்துச் சொல்லவும், பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. அதே பிரிவில் 2012இல் சேர்த்த விதியைப் பாருங்கள். எழுத்துப் புகார் வந்தால் 21 நாள் தடுத்து வைக்கலாம். அதற்குள் புகார் சொன்னவர் வழக்குமன்ற ஆணை கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். வழக்குப் போடுவேன் என்று புகார்தாரர் உறுதிமொழியும் தர வேண்டும் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிகள். ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே வழக்குமன்றம் போய் இழப்பீடு கேட்கலாம் என்கிறது 60ஆம் பிரிவு.

ஏட்டிலே இவ்வளவும் இருக்கிறது. ஆனால் அந்த ஏட்டிலும் ஓட்டை உண்டு. புகார் வந்து 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும் என்று நாள்குறித்த விதி, தடுக்கப்பட்டவனைக் கேட்க வேண்டும் என்று நாள் குறிக்கவில்லை. '21 நாள் கழிந்தால் திறக்கலாம்' என்கிறது, 'திறந்தே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்ற இரண்டு எழுத்துக்குள் ஏழையின் உரிமை புதைந்து கிடக்கிறது.

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் ஒரு குற்றம் சொல்லிவிட்டால் மறுநாளே சீட்டைக் கிழித்த காலம் ஒன்று இருந்தது. சங்கம் அமைத்தோம், போராடினோம். குற்றம் என்ன என்று எழுத்தில் கொடு, விளக்கம் சொல்ல நாள் கொடு, விசாரணை நடத்து, அதன்பின் முடிவு சொல் என்று கேட்டோம். அதைப் பெற்றோம். ஆலை வாயிலில் வென்ற நீதியை இணைய வாயிலில் இழப்பதா?

வேறு நாட்டில் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு விடை உண்டு. கனடாவில் 2015முதல் புகாரை உரியவருக்கு அனுப்பிவைக்கும் முறை நடக்கிறது. புகார் வந்தது என்ற ஒன்றுக்காகவே நீக்கிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் செய்த சட்டம், நீக்கினால் காரணத்தை எழுதிச் சொல் என்கிறது. முறையீட்டை இயந்திரம் மட்டுமே முடிவு செய்யக்கூடாது என்கிறது. அடிப்படையே இல்லாத புகார்களை அடிக்கடி அனுப்புபவரின் புகார்களை ஒரு காலத்துக்கு ஏற்காதே என்றும் சொல்கிறது. அங்கே முடிந்தது டில்லிக்கு ஏன் முடியாது?

நம் மண்ணிலும் முன்பு ஒரு பாட்டுக்கு உரிமைப் பூசல் நடந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டு ஒன்று இடம்பெற்றது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்றது ஏவி.எம். நிறுவனம். பாரதி ஒருவர் சொத்தா, நாட்டின் சொத்தா என்று நாடே வாதிட்டது. எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். 1949இல் அந்த உரிமை அரசின் கைக்கு வந்தது, பின்னர் மக்கள் உடைமையாயிற்று. உரிமை கோரியவர் பெரிய நிறுவனம். ஆனால் எதிர்த்தரப்பு பேசியது, மக்கள் கேட்டார்கள், நல்ல முடிவு பிறந்தது. பேச இடம் இருந்ததனால்தான் பாரதி பொதுவானான்.

இன்னொரு அநீதியும் இருக்கிறது. பெருநிறுவனத்துக்கு அந்த இயந்திரம் காவல் காக்கிறது. கிராமத்துப் பாடகியின் பாட்டை ஒருவன் எடுத்துத் தன் பெயரில் ஏற்றினால் அவளுக்கு அந்த இயந்திரம் கிடையாது. அவளே தேட வேண்டும், அவளே கண்டுபிடிக்க வேண்டும், அவளே விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பெரியவனுக்குக் காவல்நாய், சிறியவனுக்கு விண்ணப்பத்தாள்! பதிப்புரிமை படைப்பாளிக்கு என்கிறார்கள். உரிமையின் வாளும் கேடயமும் இருப்பவனிடமே இருக்கின்றன.

ஆகவே நாம் கேட்பது இவை. முழுப் படத்தையே திருடி ஏற்றுபவன் வேறு, அவனை உடனே தடுக்கட்டும். மற்றப் புகார்களில், நீக்குமுன் எதிர்த்தரப்புக்குச் செய்தி சொல்ல வேண்டும், விளக்கம் கூற நாள் தர வேண்டும். மறுப்பு வந்தால் மனிதன் பார்த்து முடிவு செய்ய வேண்டும், காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். 21 நாளில் ஆணை வராவிட்டால் திறந்தே ஆக வேண்டும். வழக்கு இங்கேயே நடக்க வேண்டும். பொய்ப் புகார்தாரருக்குத் தண்டனை வேண்டும். பெரியவனுக்குத் தந்த இயந்திரத்தைச் சிறியவனுக்கும் தர வேண்டும்.

இதைச் செய்யும் அதிகாரம் சென்னைக் கோட்டையில் இல்லை. பதிப்புரிமை ஒன்றியப் பட்டியலில், 49ஆம் இனமாக டில்லியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நம் பாட்டு, நம் ஆட்டம், நம் பேச்சு, ஆனால் சட்டம் மட்டும் அவர்கள் கையில்! மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் கேட்பதன் பொருள் இப்போதாவது விளங்குகிறதா? அது வரும்வரை நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதை எழுப்ப வேண்டும்.

அதுவரை தோழர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. பிறர் பாட்டை எடுக்குமுன் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் எடுக்காதீர்கள். சொந்தமாக எடுத்த படத்தின் மூலப் பதிவையும், பிறர் தந்த அனுமதிக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். புகார் வந்தால் பதறாதீர்கள், காணொளியை நீங்களே அழித்துவிடாதீர்கள். வந்தது வருவாயைத் திருப்பும் கோரலா, அடியா என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மறுத்து எழுதுங்கள். எதிர் அறிவிப்பு என்பது சட்டம் அறிய நாம் தரும் உறுதிமொழி. அதில் பொய் கூடாது. அனுப்புமுன் வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கண்ணகி அரண்மனைக்குள் போனபோது அவளிடம் படை இல்லை, பணம் இல்லை. கையிலே ஒற்றைச் சிலம்பு இருந்தது, கேட்க வேண்டும் என்ற துணிவு இருந்தது. அவள் கேட்டது இரக்கம் அன்று, விசாரணை! உடைத்துப் பார் என்றாள். உடைந்தது சிலம்பு, உண்மை வெளிவந்தது. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை. தீர்ப்புக்குப் பின் நடக்கும் விசாரணையின் பயன் அவ்வளவுதான். ஆகவேதான் சொல்கிறோம்: முதலில் கேள், பிறகு தீர்ப்புச் சொல்!